விளம்பரம் வேறு, கச்சேரி வேறு

ஸ்காட்லாந்தின் வடகிழக்கில் கீத் என்றொரு சிற்றூர். அங்குள்ள லாங்மோர் ஹாலில் 1963 ஜனவரி 2, புதன்கிழமை இரவு பீட்டில்ஸ் வாசிப்பதாக ஏற்பாடு. பிரிட்டனின் முதியவர்கள் இன்றும் பேசுகிற குளிர்காலம் அது. 1962 கிறிஸ்துமஸையொட்டி விழத் தொடங்கிய பனி மார்ச் வரைக்கும் விடவில்லை. சாலைகள் அடைபட்டன, கீத் கச்சேரி ரத்தானது. மறுநாள் எல்கினில் வாசித்தார்கள். பிறகு டிங்வால், பிரிட்ஜ் ஆஃப் ஆலன், அபர்தீன். ஐந்து ஊருக்குப் பேசிய பயணத்தில் நான்கு ஊர்தான் அவர்களைப் பார்த்தது.

அதற்கு ஓராண்டு முன்னால், 1961 டிசம்பர் 9 அன்று, தென் இங்கிலாந்தின் ஆல்டர்ஷாட்டில் நடந்தது இதற்கு நேர்மாறு. பாலே பால்ரூமில் கச்சேரி இருந்தது. உள்ளூர்ப் பத்திரிகையில் அதற்கான விளம்பரம் வரவில்லை. லிவர்பூலிலிருந்து அவ்வளவு தூரம் வந்து இறங்கிய நான்கு இளைஞர்களும் 18 பேருக்கு முன்னால் வாசித்துவிட்டுத் திரும்பினார்கள். அந்த வெறிச்சோடிய கூடத்தின் புகைப்படங்கள் இன்றும் இருக்கின்றன.

பத்திரிகை விளம்பரத்தை மட்டும் நம்பிப் பட்டியல் போடுகிறவர் கீத்தைச் சேர்த்துவிடுவார், ஆல்டர்ஷாட்டை விட்டுவிடுவார். அறுபதுகளின் பிரிட்டிஷ் இசைக்குழுக்கள் எந்த நாளில், எந்த மண்டபத்தில், யாரோடு சேர்ந்து வாசித்தன என்று தேடித் தொகுப்பதுதான் பல வருடங்களாக என் வேலை. புத்தகம் எழுதுகிறவர்கள், பழைய ஒலிப்பதிவுகளை மறுபடி வெளியிடுகிறவர்கள், ஊர் அருங்காட்சியகங்கள் என்று பலருக்கும் தேதி சரிபார்த்துக் கொடுக்கிறேன். சிறுவயதில் இலங்கை வானொலியின் ஆங்கில ஒலிபரப்பில் கேட்ட குழுக்களை, அவர்கள் நின்று வாசித்த மேடைகளின் வழியாக மறுபடி அறிந்துகொள்ள வாய்த்தது எனக்குக் கிடைத்த பேறு.

என்னை இதற்குள் இழுத்தது மார்க் லூயிசன் 1986இல் வெளியிட்ட 'தி பீட்டில்ஸ் லைவ்!' என்ற நூல். ஒரு குழுவின் மேடை வாழ்க்கையை நாள் நாளாக, மண்டபம் மண்டபமாக அடுக்கியிருந்தார். அதே வழியில் பின்னால் ஆண்டி நீலும் மேட் கென்ட்டும் 'தி ஹூ' குழுவுக்கு 2002இல் ஒரு பெரிய நாட்குறிப்பைக் கொண்டுவந்தார்கள். டக் ஹின்மன் 2004இல் 'தி கிங்க்ஸ்' குழுவுக்குச் செய்தார். பிங்க் ஃப்ளாய்டுக்குக் கிளென் போவி. ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் எவ்வளவு பக்கம் புரட்டியிருப்பார்கள் என்பது, தானும் புரட்டியவருக்குத்தான் தெரியும்.

நாங்கள் புரட்டிய இடம் வட லண்டனில் காலின்டேல். பிரிட்டிஷ் நூலகத்தின் பத்திரிகைக் கிளை 1932இலிருந்து அங்கே இருந்தது. சுரங்க ரயில் நிலையத்தைவிட்டு வெளியே வந்தால் சாலைக்கு அந்தப் பக்கம். வருடவாரியாகக் கட்டிய உள்ளூர் வாரப் பத்திரிகைகளைத் தூக்கிக்கொண்டு வந்து மேசைமேல் வைப்பார்கள். பழைய தோல் அட்டை பொடியாக உதிர்ந்து சட்டைக் கையெல்லாம் சிவப்பாகிவிடும். கிழிசல் அதிகமான பத்திரிகைகளை மைக்ரோஃபிலிமில்தான் பார்க்கவேண்டும். 2013 நவம்பரில் அந்தக் கட்டடத்தை மூடினார்கள். தாள்கள் யார்க்‌ஷயரின் பாஸ்டன் ஸ்பாவுக்குப் போயின, வாசகர்கள் செயின்ட் பாங்க்ரஸ் கட்டடத்துக்கு மாறினோம்.

வாரப் பத்திரிகையில் கேளிக்கை விளம்பரங்களுக்கு ஒரு பக்கம் உண்டு. சினிமாக் கொட்டகைகள் மேலே, நடன மண்டபங்கள் கீழே. 'வரும் சனி' என்று போட்டு, குழுவின் பெயர், நுழைவுக் கட்டணம் 5 ஷில்லிங் என்று முடிந்துவிடும். வெள்ளிக்கிழமைப் பத்திரிகையில் 'வரும் சனி' என்றால் நாளையா, அடுத்த வாரமா? இதற்கு விடை ஊருக்கு ஊர் மாறும். அந்தப் பத்திரிகையின் வழக்கத்தைச் சில மாத இதழ்களைப் படித்துத்தான் பிடிக்கவேண்டும். 'மெலடி மேக்கர்' போன்ற இசை வார இதழ்களோ அட்டையில் போட்ட தேதிக்கு முன்பே கடைக்கு வந்துவிடும். அட்டைத் தேதியை வைத்துக் கணக்குப் போட்டால் ஒரு வாரம் தள்ளிப்போகும்.

விளம்பரம் வந்த இதழைவிட அதற்கு அடுத்த வார இதழ்தான் எனக்கு முக்கியம். கச்சேரி நடந்திருந்தால் அது ஊரில் ஏதாவது ஒரு தடத்தை விட்டிருக்கும். விமர்சனம் வந்திருக்கவேண்டும் என்பதில்லை. அறுபதுகளின் தொடக்கத்தில் உள்ளூர்ப் பத்திரிகைகளுக்கு இந்தக் குழுக்கள் ஒரு பொருட்டே இல்லை. ஆனால் இரைச்சலைப் பற்றி ஆசிரியருக்கு ஒரு கடிதம் வந்திருக்கும். மண்டபத்துக்கு வெளியே அடிதடியில் இறங்கிய இரண்டு பையன்களுக்கு மாஜிஸ்திரேட் அபராதம் விதித்த செய்தி ஐந்தாம் பக்கத்து மூலையில் கிடக்கும். நகர மன்றத்துக் கூடமாக இருந்தால், தீர்மானப் புத்தகத்தில் வாடகை வரவு பதிவாகியிருக்கும். புகழ்ந்து எழுதிய கட்டுரையைவிட அபராதச் செய்தியை நான் அதிகம் நம்புவேன். அதை எழுதிய நிருபருக்குக் குழுவின் பெயரைப் பெரிதாக்கிக் காட்ட எந்த அவசியமும் இருந்திருக்காது.

2011 முதல் பழைய பத்திரிகைகள் மின்வடிவில் வரத் தொடங்கியபின், இனித் தேடல் சுலபம் என்று பலர் நினைத்தார்கள். பெரிய உதவிதான், மறுக்கமாட்டேன். ஆனால் அந்தக் காலத்துக் குழுக்கள் வைத்துக்கொண்ட பெயர்களைப் பாருங்கள். தி ஹூ, தெம், தி மூவ், தி நைஸ், ஃபேமிலி, ஃப்ரீ, க்ரீம். ஆங்கிலப் பத்திரிகையில் இந்தச் சொற்கள் இல்லாத பக்கம் ஏது? போதாததற்கு விளம்பர எழுத்துகள் அலங்காரமானவை, கணினி அவற்றைச் சரியாக வாசிப்பதில்லை. கடைசியில் கண்ணால் பக்கம் பக்கமாகப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. இளைஞர்கள் வந்து கேட்டால் இதைத்தான் முதலில் சொல்வேன்: தேடல் பெட்டியில் வரவில்லை என்பதால் நடக்கவில்லை என்று எழுதிவிடாதீர்கள்.

பெயரே மாறிக்கொண்டிருந்தது இன்னொரு தொல்லை. 'தி டிட்டூர்ஸ்' 1964இன் தொடக்கத்தில் 'தி ஹூ' ஆனது. அதே ஆண்டில் சில மாதம் 'தி ஹை நம்பர்ஸ்' ஆகி, மறுபடி 'தி ஹூ' ஆனது. 1968 இலையுதிர்காலத்தில் லெட் செப்பலின் என்ற பெயர் முடிவான பிறகும் சுவரொட்டிகளில் 'நியூ யார்ட்பேர்ட்ஸ்' என்றே வந்துகொண்டிருந்தது. அச்சடித்த பெயர் பழையது, மேடை ஏறிய குழு புதியது. நான் இரண்டையும் எழுதிவைப்பேன், விளம்பரத்தில் கண்டபடி ஒன்று, உண்மையில் இருந்தபடி ஒன்று.

சுவரொட்டிகளைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும். பெரும்பாலானவற்றில் ஆண்டு இருக்காது. அடுத்த சனிக்கிழமை கிழித்துப் போடப்போகிற தாளுக்கு ஆண்டு எதற்கு? 'சனி, மார்ச் 11' என்றிருந்தால் 1961ஆகவும் இருக்கலாம், 1967ஆகவும் இருக்கலாம். இரண்டு ஆண்டுகளின் நாட்காட்டியும் ஒன்றே. கட்டணம் ஷில்லிங்கில் இருப்பதாலும் முடிவு வராது, தசம நாணயம் 1971 பிப்ரவரியில்தான் வந்தது. அப்போது தொலைபேசி எண்ணைப் பார்ப்பேன். லண்டன் எண்கள் முன்பு எக்ஸ்சேஞ்சின் பெயரில் மூன்றெழுத்தோடு தொடங்கும். 1966 முதல் படிப்படியாக முழுவதும் இலக்கமாயின. முழு இலக்க எண்ணோடு 1963ஆம் ஆண்டின் 'அசல்' லண்டன் சுவரொட்டி ஒன்று விலைக்கு வந்தால், அது பிற்காலத்தில் அடித்தது. இன்னொரு சோதனை ஞாயிற்றுக்கிழமை. அக்காலத்துச் சட்டப்படி ஞாயிறு அன்று இங்கிலாந்தில் உட்கார்ந்து கேட்கும் கச்சேரி நடத்தலாம், காசு வாங்கிப் பொது நடனம் நடத்தக்கூடாது. உறுப்பினர் சங்கம் என்று பெயர் வைத்துக்கொண்டு அதைச் சமாளித்தவர்கள் உண்டு. ஆகவே ஞாயிற்றுக்கிழமை நடன மண்டபக் கச்சேரி ஏதாவது கண்ணில் பட்டால் அங்கே நின்று நிதானிப்பேன்.

தூரத்தை மட்டும் நம்பி எதையும் ஒதுக்குவதில்லை. வரைபடத்தை எடுத்துப் பார்த்து, ஒரே இரவில் இங்கிருந்து அங்கே போயிருக்கமுடியாது என்று அடித்துவிடத் தோன்றும். ஏஜென்ட்டுகள் அப்படிப் பார்க்கவில்லை. இன்று வடக்கே, நாளை தெற்குக் கடற்கரை, நாளன்று மறுபடி வடக்கே என்று ஒப்புக்கொண்டார்கள். பையன்கள் வேனில் ஆம்ப்ளிஃபயர்களுக்கு நடுவில் படுத்துத் தூங்கிக்கொண்டு போனார்கள். எம்1 நெடுஞ்சாலையின் வாட்ஃபோர்ட் கேப்பில் இருந்த ப்ளூ போர் உணவகத்தில் நள்ளிரவுக்குமேல் இந்தக் குழுக்கள் ஒன்றையொன்று சந்திப்பது வழக்கமாகவே இருந்தது. அதேபோல், புகழ் வந்தபின் இவ்வளவு சின்ன இடத்திலா வாசித்திருப்பார்கள் என்று சந்தேகப்படுவதும் சரியில்லை. பீட்டில்ஸின் மேலாளர் பிரையன் எப்ஸ்டைன் முன்பு குறைந்த பணத்துக்கு ஒப்புக்கொண்ட கச்சேரிகளையும், பாட்டுகள் உச்சிக்குப் போன பிறகு, வாக்குப்படி நிறைவேற்றினார். 1963 ஏப்ரல் 4 அன்று பீட்டில்ஸ் ஸ்டோவ் என்ற உறைவிடப் பள்ளியின் கூடத்தில் மாணவர்களுக்கு முன்னால் வாசித்தார்கள். 'ப்ளீஸ் ப்ளீஸ் மீ' நாடெங்கும் ஒலித்துக்கொண்டிருந்த சமயம் அது. அந்தக் கச்சேரியை ஒரு மாணவன் டேப்பில் பிடித்துவைத்திருந்தான். ஒரு மணி நேரத்துக்கு மேலான அந்த ஒலிப்பதிவைப் பற்றி உலகம் அறிந்தது 2023இல். அறுபது வருடம் ஒரு வீட்டில் இருந்திருக்கிறது. இப்படி இன்னும் எத்தனை வீடுகளில் எத்தனை டேப்புகள் என்று நினைத்தால் என்னால் உட்கார முடியாது.

பல குழுக்கள் சேர்ந்து சினிமாக் கொட்டகைகளில் நடத்திய பேக்கேஜ் டூர்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஓடியன், கோமான், ஏபிசி, கிரனாடா என்று சங்கிலிக் கொட்டகைகள், மாலையில் ஒன்றும் இரவில் ஒன்றுமாக இரண்டு காட்சிகள், ஆளுக்குச் சில பாட்டு. 1967 மார்ச் 31 அன்று ஃபின்ஸ்பரி பார்க் அஸ்டோரியாவில் தொடங்கிய பயணத்தில் வாக்கர் பிரதர்ஸ், கேட் ஸ்டீவன்ஸ், எங்கல்பர்ட் ஹம்பர்டிங்க் ஆகியோரோடு ஜிமி ஹென்ட்ரிக்ஸும் இருந்தார். முதன்முதலாகக் கிடாருக்குத் தீ வைத்ததும் அன்றுதான். இத்தகைய டூர்களின் ஊர்ப்பட்டியல் இசை இதழ்களில் அச்சானது, நிகழ்ச்சி மலர்கள் கிடைக்கின்றன. சிரமமெல்லாம் மதுக்கடை மாடிகளிலும் இளைஞர் மன்றங்களிலும் தானியச் சந்தை மண்டபங்களிலும்தான்.

மேடையில் யார் நின்றார்கள் என்பது தனி ஆராய்ச்சி. ரோலிங் ஸ்டோன்ஸின் முதல் கச்சேரியையே எடுத்துக்கொள்வோம். 1962 ஜூலை 12, வியாழக்கிழமை, லண்டன் ஆக்ஸ்ஃபோர்ட் தெருவின் மார்க்கீ கிளப். வியாழன்தோறும் அங்கே வாசித்த அலெக்சிஸ் கார்னரின் ப்ளூஸ் இன்கார்ப்பரேட்டட் குழுவுக்கு அன்று பிபிசியின் 'ஜாஸ் கிளப்' நிகழ்ச்சி. காலியான இடத்தில் இந்தப் பையன்கள் ஏறினார்கள். தேதியில் ஐயமே இல்லை: 'ஜாஸ் நியூஸ்' இதழ் முன்கூட்டியே அறிவித்தது, வானொலி ஒலிபரப்போ முற்றிலும் வேறொரு நிறுவனத்தின் ஆவணம். இரண்டும் ஒன்றையொன்று பார்த்து எழுதியவையல்ல. ஆனால் டிரம்ஸில் உட்கார்ந்தது யார்? 'ஜாஸ் நியூஸ்' மிக் ஏவரியின் பெயரைப் போட்டது. பிற்பாடு கிங்க்ஸ் குழுவில் புகழ்பெற்ற அவரோ, ஒத்திகைக்குப் போனேன், அன்றிரவு வாசிக்கவில்லை என்று சொல்லிவந்திருக்கிறார். டோனி சாப்மன் என்று சொல்கிறவர்கள் உண்டு. அச்சில் வந்த பெயரை மேலாகக் கொள்வதா, அந்த ஆளின் வாய்மொழியை மேலாகக் கொள்வதா? அச்சு அன்றைய தேதியில் வந்தது என்றாலும், கச்சேரிக்கு முன்னால் எழுதியது. நடக்கப்போவதைத்தான் அது சொல்கிறது. தனக்குக் கிடைக்கக்கூடிய ஒரு பெருமையை வேண்டாம் என்கிற மனிதர் பொய் சொல்ல என்ன காரணம்? நான் ஏவரியின் பக்கம். ஆனாலும் பட்டியலில் டிரம்ஸ் என்ற இடத்தில் ஒரே பெயரை எழுத எனக்குக் கை வரவில்லை. இரண்டு பெயரையும் அவற்றுக்கான ஆதாரத்தையும் போட்டுவிடுகிறேன்.

தேதி என்பது ரசிகர்களின் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்களுக்கு ஹாம்பர்க் ஸ்டார் கிளப் டேப்புகளைச் சொல்வேன். பீட்டில்ஸ் அங்கே வாசித்ததை லிவர்பூல் பாடகர் கிங்சைஸ் டெய்லருக்காகப் பிடித்த அந்த ஒலிப்பதிவு 1977இல் இசைத்தட்டாக வந்தது. வெளியிட்டவர்கள் அது 1962 வசந்தத்தில் பிடித்தது என்றார்கள். அந்தக் கணக்குப்படி அது இஎம்ஐ இசைத்தட்டு நிறுவனத்தோடு பீட்டில்ஸ் செய்த ஒப்பந்தத்துக்கு முந்தையது, அதனால் ஒப்பந்தம் அதைக் கட்டுப்படுத்தாது. டேப்பைக் கவனித்துக் கேட்டவர்கள், மேடைப் பேச்சில் வரும் கிறிஸ்துமஸைப் பிடித்தார்கள், பாட்டுகளின் வரிசையைப் பார்த்தார்கள். டிசம்பர் இறுதி என்பது தெளிவானது. 1998இல் வழக்கு லண்டன் நீதிமன்றத்துக்கு வந்தபோது ஜார்ஜ் ஹாரிசனே நேரில் வந்து சாட்சி சொன்னார். பீட்டில்ஸ் தரப்பு வென்றது. ஒரு கச்சேரி ஏப்ரலா டிசம்பரா என்ற கேள்விக்கு இவ்வளவு கனம் இருந்தது.

எல்லாவற்றையும்விட ஒரே புத்தகத்திலிருந்து பத்துப் புத்தகங்களுக்குப் பரவும் பிழைதான் என்னை வாட்டுவது. யாரோ ஒருவர் நினைவிலிருந்து எழுதிய தேதியை இன்னொருவர் எடுப்பார், அவரிடமிருந்து மூன்றாமவர். கடைசியில் பத்து நூல்களில் இருக்கிறதே என்பார்கள். அங்கே இருப்பது ஒரு சாட்சி, ஒன்பது எதிரொலி. அதனால் எந்தத் தேதி வந்தாலும் அதை முதன்முதலில் அச்சிட்டவர் யார் என்று பின்னோக்கிப் போவேன். இரண்டு தனித்தனி ஆதாரம் கிடைத்தால் 'உறுதி'. விளம்பரம் மட்டும் என்றால் 'அறிவிப்பு'. நினைவு மட்டும் என்றால் 'சொல்லப்படுவது'. இந்த மூன்றையும் கலக்கக்கூடாது என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. பக்கம் அழகாக நிரம்பவேண்டும் என்பதற்காகக் காலியான நாளில் ஊகத்தை எழுதச் சொன்ன ஒரு பதிப்பாளரின் வேலையை விட்டுவிட்டேன்.

அமெரிக்காவின் மேரிலாந்தில் வீட்டன் என்ற ஊரின் இளைஞர் மன்றத்தில், 1969 ஜனவரி 20 அன்று, நிக்சன் பதவியேற்ற அதே நாள் இரவு லெட் செப்பலின் வாசித்ததாகச் சிலர் உறுதியாகச் சொல்கிறார்கள். புகைப்படம் கிடையாது, டிக்கெட் கிடையாது, விளம்பரமும் அகப்படவில்லை. ஜெஃப் க்ரூலிக் இதைப் பற்றி ஒரு ஆவணப்படமே எடுத்தார். பதவியேற்பு நாள் என்பதால் தேதி நன்றாக நினைவிருக்கிறது என்று வாதிடலாம். பெரிய நாள்கள் தம் பக்கம் நினைவுகளை இழுத்துக்கொள்ளும் என்றும் வாதிடலாம். என் பட்டியலில் அது 'சொல்லப்படுவது' என்ற இடத்தில் இருக்கிறது, மரியாதையோடு.

நினைவை நான் மட்டமாக நினைப்பவனில்லை. கேட்கும் விதம் தெரியவேண்டும். 'ஐயா, 1965 மே மாதம் கிங்க்ஸ் வந்தார்களே, போனீர்களா?' என்று கேட்டால் மே மாதம் என்றே பதில் வரும், நாமே கொடுத்துவிட்டோமே. தேதியை வாயில் எடுக்கவேகூடாது. எப்படி வீட்டுக்குப் போனீர்கள், கடைசி பஸ் இருந்ததா, கோட் தேவைப்பட்டதா, அப்போது எங்கே வேலை, கூட வந்த தோழி யார், மேடை வாசலுக்கு எதிரிலா பக்கத்திலா என்று கேட்கவேண்டும். ஒரு அம்மையாரிடம் இப்படிப் பேசிக்கொண்டிருந்தபோது, அன்று நடந்தே போனோம், பஸ்காரர்கள் வேலைநிறுத்தம் என்றார். அந்த ஊர்ப் பத்திரிகையில் வேலைநிறுத்த வாரத்தைத் தேடியதில் தேதி கைக்கு வந்தது.

என்னைக் கேட்டால், இந்தத் துறையின் மிகச் சிறந்த ஆவணம் பள்ளிக்கூடப் பெண்களின் சட்டைப்பை டைரி. கிறிஸ்துமஸ் பரிசாக வந்த சின்ன டைரியில் அன்றன்றைக்கே எழுதியிருப்பார்கள். யார் வந்தார்கள், எத்தனை பாட்டு, எந்தப் பையன் என்ன சட்டை, மழை, வீட்டில் வாங்கிய திட்டு. பிற்காலத்தில் யாராவது படிப்பார்கள் என்ற நினைப்பே இல்லாமல் எழுதியது. குழுவினர் பின்னாளில் எழுதிய சுயசரிதைகளைவிட அந்த நான்கு வரிக்கு நான் தலைவணங்குவேன். ரோலிங் ஸ்டோன்ஸில் பில் வைமனுக்கு நாட்குறிப்பு எழுதும் பழக்கம் இருந்தது. அதனால்தான் அந்தக் குழுவின் ஆரம்ப வருடங்கள் இவ்வளவு துல்லியமாக நமக்குக் கிடைத்திருக்கின்றன. மற்றக் குழுக்களுக்கு அந்த வேலையை ரசிகைகள் செய்திருக்கிறார்கள், யாரும் நன்றி சொல்லாமலே.

விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பவர்களுக்கு வரலாறு எழுத ஆளிருக்கிறது. அவர்களுக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு உள்ளூர்க் குழு இருக்கும். பகலில் தொழிற்சாலை, சனி இரவில் மேடை. பெரிய குழு வேனிலிருந்து இறங்கித் தயாராகும்வரை கூட்டத்தைப் பிடித்துவைத்தவர்கள். இசைத்தட்டு வந்திருக்காது, படம் இருக்காது. அவர்கள் இருந்தார்கள் என்பதற்கு அந்தப் பொடி எழுத்துதான் பெரும்பாலும் ஒரே சாட்சி. அதனால் ஒரு கச்சேரியை எழுதும்போது முன்வரிசைப் பெயரோடு நிறுத்தமாட்டேன். கீழே இருக்கும் எல்லாப் பெயர்களும் வரவேண்டும், மண்டபத்தின் பெயர் வரவேண்டும், தெரிந்தால் கட்டணமும் வரவேண்டும். மண்டபங்களில் பல இப்போது இல்லை. ட்விக்கனமில் தேம்ஸ் நடுவே இருந்த ஈல் பை தீவு ஹோட்டல் 1971இல் எரிந்தது. 'தி ஹூ' குழுவின் பீட் டவுன்ஷெண்டின் கிடார் உடைந்த ஹாரோவின் ரயில்வே ஹோட்டல் 2000இல் எரிந்து, இப்போது அங்கே குடியிருப்புகள்.

இந்த வாரம் என் மேசையில் இருப்பது கிழக்கு இங்கிலாந்தில் ஒரு தானியச் சந்தை மண்டபம், 1964 முதல் 1967 வரையிலான சனிக்கிழமைகள். லண்டனிலிருந்து வந்த குழுக்களெல்லாம் நிரப்பியாயிற்று. முன்னால் வாசித்த ஒரு உள்ளூர்க் குழுவின் பெயரை விளம்பரங்கள் மூன்று விதமாக எழுதியிருக்கின்றன. ஒரே குழுவா, மூன்று குழுக்களா என்பது தெரிந்தால் கிட்டத்தட்ட ஒரு பருவம் முழுவதும் ஒழுங்காகிவிடும். அந்த உள்ளூர்க் குழுவில் பாஸ் கிடார் வாசித்தவர் அடுத்த ஊரில் இருக்கிறார் என்று அங்குள்ள நூலகர் விசாரித்துச் சொன்னார். எண்பதைத் தாண்டியவர், காலையில் வந்தால் நன்றாகப் பேசுவாராம். செவ்வாய்க்கிழமை போகிறேன். மூன்று விளம்பரங்களின் நகலும் பையில் இருக்கும், அவர் பேசி முடிக்கிறவரை வெளியே எடுக்கமாட்டேன்.